கீழே வைத்த கத்தி

நான் ஓர் அடிமுட்டாள். இதைச் சொல்ல ஒரு தனி அத்தியாயம் எதற்கு, இதுவரை எழுதியதே போதுமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நியாயம்தான். சொந்தக் கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயரைத் தப்பாக டைப் அடித்தவன் நான். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, வேறு பஸ்ஸில் ஏறிப் போனவன். அதெல்லாம் சிரித்துவிட்டு மறந்துபோகிற முட்டாள்தனம். இந்த வாரம் சொல்லப்போவது அந்த ரகம் இல்லை.

இரண்டு வாரம் முன்பு இதே பக்கத்தில் நண்டு பிடிக்கப் போன கதையை எழுதியிருந்தேன். என் தங்கை மலரின் வீட்டுக்காரன் செல்வம், கிள்ளைப் பக்கம் ஒரு வாய்க்காலில் நின்றபடி கத்தியை நழுவவிட்டான் என்றும், ‘மச்சான் கடலுக்குக் கத்தியைச் சீர் செய்துவிட்டு வந்தார்’ என்றும் எழுதினேன். நிறையப் பேர் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் போட்டிருந்தீர்கள்.

அது பொய். அவன் கைக்குக் கத்தி வந்து சேரவே இல்லை.

நீட்டிய கை

மூன்று வருஷம் இருக்கும். மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. வெயில் புதிதாகத் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி இருந்தது. சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் கிளை கிளையாகப் பிரிகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

செல்வம் தொடையளவு தண்ணீரில் நின்று, கொக்கி வைத்த கம்பியை வளைக்குள் விட்டு நண்டை இழுத்து வெளியே போடுவான். நான் வேர்மேல் உட்கார்ந்து நண்டின் கொடுக்கை நைலான் கயிற்றால் கட்டுவேன். முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் பைல் கட்டியவனுக்குக் காட்டில் கொடுக்கத் தகுந்த வேலை அது ஒன்றுதான் என்பது அவனுடைய தீர்ப்பு. கயிறு வெட்டுவதற்காக அவனுடைய கத்தி என் கையில் இருந்தது.

“மச்சான், அதுக்கு நம்பர் போட்டு கையெழுத்தும் வாங்குவியா? சீக்கிரம் கட்டுடா, அடுத்தது வருது.”

“இரு மச்சான், இது என் வெரலப் பாக்குது.”

“சும்மாதான் பாக்கும். நீதான் மொதல்ல கத்துவ.”

சேற்றின் வாடையும் பச்சை நண்டின் வாடையும் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஏதோ ஒரு படகின் இஞ்சின் கேட்டு, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கடல் ஏற ஆரம்பித்திருந்தது. வாய்க்காலில் மிதந்த இலைகள் எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் போயின. அதை நான் அழகு என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது செல்வம் நின்ற இடத்திலேயே நின்றான். காலை இழுத்தான். வரவில்லை. குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினான்.

“பழைய வலை மச்சான். எவனோ அறுத்து வுட்டது, வேரோட சுத்திக்கெடக்கு. கத்தி குடு.”

ஒரு கையால் வலையைப் பிடித்தபடி, மறு கையைப் பின்னால் என்னை நோக்கி நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. ஈரத்தில் வெளுத்து, ரேகையெல்லாம் சுருங்கிப்போன கை. இதை எழுதும்போதும் அது நீண்டுதான் இருக்கிறது.

அம்மா போட்ட சட்டம்

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். தப்பிக்கப் பார்க்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வந்து, உறவு விட்டுப்போகும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று தெரியும். எங்கள் அம்மா இதில் ரொம்பக் கறார். நான் கத்தியை நீட்டினால், வாங்காமல் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டுவாள். “கீழ வைடா.” அவ்வளவுதான்.

அம்மா சொன்ன வேறு எதையும் நான் கேட்டதில்லை. காலையில் எழுந்திரு என்றாள், எழுந்ததில்லை. ஈரத்தலையோடு வெளியே போகாதே என்றாள், போனேன். இந்த ஒன்று மட்டும் கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஆபீசில் தாசில்தார் கத்திரிக்கோல் கேட்டால்கூட மேசையில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வேன். திமிர் பிடித்தவன் என்று ஒரு தாசில்தார் என்னை வேறு செக்‌ஷனுக்கே மாற்றினார்.

முந்திரிக்காட்டில் ஒரு சட்டை

அந்தக் கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பண்ருட்டியில் ஒரு கொல்லுப்பட்டறையில், லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. ஒரு சாண் நீளம். கைப்பிடி பலாக்கட்டை, செல்வமே செதுக்கிப் போட்டான். பழைய செருப்புத் தோலில் ஓர் உறை.

அவன் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். வேனில் ஸ்டெப்னி இல்லாமல் போனாலும் போவான், கத்தி இல்லாமல் போக மாட்டான். கொய்யா அரிவது, பார்சல் பிரிப்பது, பிள்ளைகளின் பென்சில் சீவுவது, வேப்பங்குச்சி வெட்டுவது, அறுந்த ஷூ லேசைச் சரிசெய்வது எல்லாம் அதில்தான். எடுத்ததும் இடது கட்டைவிரல் நகத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பான். முடித்ததும் தொடையில் இரண்டு பக்கமும் துடைப்பான். இத்தனை வருஷத்தில் அவன் விரலில் ஒரு கீறல் நான் பார்த்ததில்லை.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக்காட்டுக்கு முயல் வேட்டைக்குப் போவோம். அது குற்றம். அப்போதும் குற்றம்தான், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தோம். முயல்களுக்கு நல்ல காலம், கூட நான் போனேன்.

ஒரு தடவை நாய்கள் குரைத்துக்கொண்டு ஒரு முயலை நேராக என் பக்கம் விரட்டிவந்தன. நான் மடக்கிப் பிடிக்க வேண்டும். நானோ பயந்துபோய் முந்திரி மரத்தில் ஏறிவிட்டேன். முயலுக்கா பயந்தாய் என்று கேட்காதீர்கள். அது ரொம்ப வேகமாக வந்தது. கிளை முறிந்து, நான் நாய்மேல் விழுந்து, நாய் என்மேல் கோபப்பட்டு, முயல் போயே போய்விட்டது. முந்திரிப்பழச் சாறு பட்டு என் கல்யாணச் சட்டை கறையாகிவிட்டது. அந்தக் கறை எதற்கும் போகாது. என் மனைவியின் கோபமும் அப்படித்தான், இன்னும் போகவில்லை.

அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பாமல், தோப்புக்காரர் கொடுத்த பலாப்பழத்தை மரத்தடியில் வைத்து செல்வம் அறுத்தான். கத்தியில் எண்ணெய் தடவி, காம்புப் பக்கம் ஒரு கீறல், அங்கிருந்து மெதுவாக ஒரு இழுப்பு. ஒரு சுளைகூட அறுபடவில்லை. முழு முழுச் சுளையாக எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான். நாய்க்கும் ஒன்று. அது என் பக்கம் பார்க்காமல் தின்றது.

தண்ணீர் ஏறியது

சரி, வாய்க்காலுக்குத் திரும்பிவிடுகிறேன். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

செல்வம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நான் எழுந்து, இரண்டு எட்டு வைத்து, குனிந்து, கத்தியை அவன் கைக்குப் பக்கத்திலிருந்த வேர்மேல் வைத்தேன். வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

“எடுத்துக்க மச்சான்” என்று மரியாதையாகச் சொல்லவும் சொன்னேன்.

வேரில் சேறு படிந்திருந்தது. கத்தி ஒரு பக்கமாகத் திரும்பியது. அவன் விரல் பலாக்கட்டையைத் தொட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. மீன் துள்ளி விழுந்த மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் தண்ணீரில் முழுகிச் சேற்றைத் தடவினோம். சங்கு கிடைத்தது, ஒரு பாட்டில் கிடைத்தது, கத்தி கிடைக்கவில்லை. தண்ணீர் அவன் இடுப்பைத் தாண்டியது. வலை நைலான், கையால் பிய்க்க முடியவில்லை. பல்லால் கடிக்கலாம் என்றால் அது தண்ணீருக்கு அடியில். நான் கத்தினேன். காட்டில் யாரும் இல்லை. நெஞ்சு வரை வந்தபோது அவன் சொன்னான்:

“தோளப் புடிச்சி இழு. என்ன ஆனாலும் வுடாத.”

இழுத்தேன். அவன் ஒரு சத்தம் போட்டான். காலும் வந்தது.

கரையில் பார்த்தோம். கணுக்காலைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி தோல் அறுந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவனுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவான். பம்புசெட் தண்ணீரில் கழுவி, என் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினோம். வழியில் டீக்கடையில் ஒருவர் “என்னாய்யா ரத்தம்?” என்றார்.

அங்கேதான் நான் அதை முதலில் சொன்னேன். “மச்சான் கடலுக்குக் கத்திய சீர் செஞ்சிட்டு வர்றாரு.”

கடை சிரித்தது. செல்வமும் சிரித்தான். துண்டில் ஊறிய ரத்தத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. எப்போதும் சொல்கிற மாதிரி ஒன்றைச் சொன்னேன். அதற்குமேல் யோசித்துச் சொல்லவில்லை, சத்தியமாக.

ஆஸ்பத்திரியில் மலர் அழுதுகொண்டே கேட்டபோதும் அதையே சொன்னேன், அவள் சிரிக்கட்டும் என்று. சிரிக்கத்தான் செய்தாள். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே.

அதற்குப் பிறகு அது வேடிக்கையாக இல்லை. ஆனால் ஊர் முழுக்க அந்தக் கதையே நின்றுவிட்டது. காலை எடுத்த பிறகு வந்து, ‘கத்தியைக் கீழே வைத்தது நான்தான்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் நாளையாகவே போனது.

அரிசி டிரம்

மலர் கெட்டவள் இல்லை. பயந்துபோனவள். வீட்டிலிருந்த கத்தி, அரிவாள், கத்திரிக்கோல் எல்லாவற்றையும் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைத்துவிட்டாள். சமையலுக்கு அரிவாள்மனை ஒன்று. அதையும் வேலை முடிந்ததும் பரண்மேல் ஏற்றிவிடுவாள்.

“ஒரு கத்தியப் புடிக்கத் தெரியாம காலத் தொலைச்சிட்டு வந்தீங்க. மிச்சமிருக்கறது ரெண்டு கையி. அதையாவது பத்திரமா வச்சிக்குங்க.”

இதை அவள் என் முன்னாலேயே சொல்வாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். செல்வம் ஒன்றும் சொல்ல மாட்டான். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பான். கொரியர் வந்தால் என் பைக் சாவியைக் கேட்டு வாங்கி டேப்பைக் கிழிப்பான். ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட செயற்கைக் கால் புண்ணாக்குகிறது என்று கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, நாளெல்லாம் நாற்காலியில் இருப்பான்.

போன கோடையில் பண்ருட்டியிலிருந்து செல்வத்தின் சொந்தக்காரர்கள் ஒரு முழுப் பலாப்பழம் அனுப்பியிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். செல்வம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டான். மலர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

அந்த மனிதர் நல்லவர். ஆனால் பலாவை விறகு மாதிரி வெட்டினார். சுளையும் கொட்டையும் துண்டு துண்டாகத் தெறித்தன.

“காம்புப் பக்கம் கீறுங்க சார், சுளை அறுபடாது” என்றான் செல்வம்.

“நீங்க சும்மா இருங்க. அவருக்குத் தெரியும்” என்றாள் மலர்.

செல்வம் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். பித்தானைப் போட்டுக்கொண்டான். ஒரு சுளை கொடுத்தேன், வேண்டாம் என்றான்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நானோ பக்கத்து வீட்டுக்காரரிடம், “சார், பழத்து மேல எதாவது பழைய பகையா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

நல்லா எழுதியிருக்க

பிறகு இந்தத் தொடர் வந்தது. ஒரு வாரம் எழுத விஷயம் கிடைக்காமல், அந்தப் பொய்யை அச்சிலும் ஏற்றினேன். பத்திரிகை வந்த அன்று மலர் போன் செய்து சிரித்தாள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, மன்னிக்கவும், கத்திரிக்கோல்தான் டிரம்மில் இருக்கிறதே, கையால் கிழித்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள்.

அந்த வாரம் சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மலர் கடைக்குப் போயிருந்தாள். செல்வம் பத்திரிகையை மடியில் வைத்திருந்தான்.

“நல்லா எழுதியிருக்க மச்சான்.”

பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கைப்பிடி பலாக்கட்டைன்னு எழுதாம வுட்டுட்ட. அத எழுதியிருக்கலாம்.”

அவ்வளவுதான் அவன் சொன்ன குறை. “நீ ஏன்டா ஒரு தடவகூட அவகிட்ட சொல்லல?” என்று கேட்டேன். கேட்க வேண்டிய ஆள் நான்தானா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

“சொன்னா அவ ஒங்கிட்ட பேச மாட்டா. அவளுக்குன்னு பொறந்த எடத்துல இருக்கறது நீ ஒருத்தன். சொல்லி என்ன ஆவப்போவுது, காலா மொளைக்கப்போவுது?”

“கத்தியாவது கெடைக்கும்ல.”

அவன் சுவரில் சாய்ந்திருந்த காலைப் பார்த்தான்.

“ஆமா, அது கெடைக்கும்” என்றான்.

கடலூர் செம்மண்டலத்தில் என் வீடு வந்துசேரும் வரை பஸ்ஸில் அந்த ‘ஆமா’ கூடவே வந்தது. அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை. சொன்னால் தங்கை போய்விடுவாள். சொல்லாவிட்டால், அவன் கத்தி பிடிக்கத் தெரியாதவனாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அதுவும் அச்சில், என் பெயர் போட்டு.

ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிறு போனேன். மலர் பின்பக்கக் குழாயடியில் சங்கரா மீன் உரசிக்கொண்டிருந்தாள்.

“வாண்ணா. இன்னைக்கி மீனு நல்லா கெடைச்சிது, இருந்து சாப்புட்டுப் போ.”

நின்றுகொண்டே சொன்னேன். வேடிக்கையாக ஒரு வார்த்தை சேர்க்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்க எனக்கே அந்நியமாக இருந்தது.

அவள் நிமிரவில்லை. மீன் செதில் கல்லில் தெறித்துக்கொண்டே இருந்தது.

“எங்க வச்ச?”

“வேர் மேல.”

“அவுரு கைய நீட்டிக்கிட்டு இருந்தாரா?”

“நீட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு.”

உரசுவது நின்றது.

“மூணு வருசமா நான் அவர என்னென்ன பேசுனேன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

“பக்கத்துல ஒக்காந்து சோறு தின்னுகிட்டே கேட்ட.”

அவள் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவினாள். உள்ளே போனாள். டிரம் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. துணி மூட்டையைக் கொண்டுவந்து செல்வத்தின் முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்து அவிழ்த்தாள். அரிசித் தவிடு ஒட்டிய இரண்டு கத்தி, ஓர் அரிவாள், கத்திரிக்கோல்.

“நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்வம் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சின்னக் கத்தியை எடுத்தான். இடது கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தான்.

“துரு ஏறிக்கெடக்கு” என்றான். “சாணக்கல்லு எங்க வச்ச, மலரு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரணில் தேடப் போனாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். உள்ளே கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தி தீட்டுகிற சத்தம், முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரே சீராக.

மலர் கதவுவரை வந்தாள். கையில் வழக்கமாக இருக்கும் குழம்புத் தூக்கு இல்லை.

“அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேம்மா” என்றேன்.

“இனிமே போன் பண்ணிட்டு வா.”